11,000 அடிக்குள் இடமில்லாதவர்கள்

யுத்தகாலச் சினிமா என்று பேச்செடுத்தால் நம்ம அறிவுஜீவிகள் நேராக ஜெர்மனிக்குப் போய் இறங்கிவிடுவார்கள். கோயபல்ஸ், லெனி ரீஃபன்ஸ்டால், 'யூத சூஸ்' என்று வரிசையாகச் சொல்வார்கள். பிரச்சாரச் சினிமா எவ்வளவு கொடியது என்று ஒரு மணி நேரம் பேசிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதே யுத்தம் நம்ம ஊருக்கும் வந்தது. அதே ஆண்டுகளில் இங்கேயும் அரசாங்கத்தின் விருப்பத்துக்குச் சினிமா எடுத்தார்கள். சேலத்தில் எடுத்தார்கள், சென்னையில் எடுத்தார்கள். டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட் வாங்கிக்கொண்டு நம்ம சனங்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

நான் சினிமா விமர்சகி இல்லை. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கான்ட்ராக்ட் தொழிலாளர்களோடும் பொன்னேரிப் பக்கத்துச் சேரிகளில் பெண்களோடும் வேலை செய்கிறவள். ஒரு படத்தில் கதாநாயகன் என்ன வசனம் பேசினான் என்பதில் எனக்கு அவ்வளவு அக்கறை கிடையாது. அவனுக்குப் பின்னால் கூட்டத்தில் நிற்கிறார்களே, அவர்கள் யார்? யார் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள்? என்ன கூலி கொடுத்தார்கள்? படம் முடிந்ததும் அவர்கள் எங்கே போனார்கள்? அந்தக் கூட்டத்தில்கூட இடம் கிடைக்காமல் போனவர்கள் யார்? இந்தக் கேள்விகளோடு அந்தக் காலத்துத் தமிழ்ப் படத்தையும் ஜெர்மன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

1939 செப்டம்பரில் யுத்தம் தொடங்கியது. அக்டோபர் கடைசியில் ராஜாஜி மந்திரிசபை ராஜினாமா செய்தது. அதற்குப் பிறகு தணிக்கை இறுகியது. கே.சுப்ரமணியம் 1939-ல் எடுத்த 'தியாகபூமி' கொட்டகைகளில் ஓடி முடித்த பிறகு 1940-ல் தடை செய்யப்பட்டது. காங்கிரஸ் படம் என்பதுதான் குற்றம். அந்தப் படத்தில் நாம் இருந்தோமா என்றால், இருந்தோம். புயல் மழைக்கு ஒதுங்க இடமில்லாத சேரிச் சனங்களாக, சம்பு சாஸ்திரியின் கருணையைக் காட்டுவதற்காக இருந்தோம்.

அரசாங்கம் தடை போடுவதோடு நிற்கவில்லை. தானே படம் காட்டத் தொடங்கியது. 1940-ல் பிலிம் அட்வைசரி போர்டு வந்தது. 1943-ல் இன்பர்மேஷன் பிலிம்ஸ் ஆப் இந்தியாவும், இந்தியன் நியூஸ் பரேட் என்ற செய்திப்படமும் வந்தன. இந்தியப் பாதுகாப்புச் சட்ட விதிகளின்படி ஒவ்வொரு கொட்டகையும் ஒவ்வொரு காட்சியிலும் அரசாங்கம் ஒப்புக்கொண்ட படத்தைப் போட்டே ஆகவேண்டும். யுத்தம் முடிந்து 1946-ல் அதை மூடினார்கள். 1948-ல் பிலிம்ஸ் டிவிஷன் என்று வேறு பெயரில் திரும்பி வந்தது. வெள்ளைக்காரன் போனாலும் அவன் போட்ட பழக்கம் போகவில்லை.

இதைவிடப் பெரிய பிடி படச்சுருளில் இருந்தது. அன்று இந்தியாவில் படச்சுருள் தயாரிப்பு கிடையாது. எல்லாம் வெளிநாட்டுக் கப்பலில் வரவேண்டும். கப்பலில் யுத்தச் சாமானுக்கே இடம் போதவில்லை. அதனால் 1942-ல் ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று விதி போட்டார்கள். அதற்கு முன்னால் தமிழ்ப் படம் பதினெட்டாயிரம், இருபதாயிரம் அடி போகும்; பாட்டே நாற்பது ஐம்பது இருக்கும். இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டும். 1943 ஜூலையிலிருந்து லைசென்ஸ் இருந்தால்தான் படச்சுருள். லைசென்ஸ் வேண்டுமென்றால் யுத்தத்துக்கு ஆதரவாகவும் படம் எடுத்துக் கொடுக்கவேண்டும் என்ற நெருக்கடி வந்தது.

அப்படி வந்தவைதான் 1945-ல் வந்த 'பர்மா ராணி', 'மானசம்ரட்சணம்', 'என் மகன்' போன்ற படங்கள். 'மானசம்ரட்சணம்' எடுத்தவர் யார் தெரியுமா? ஐந்து வருஷத்துக்கு முன்னால் 'தியாகபூமி'க்குத் தடை வாங்கிய அதே கே.சுப்ரமணியம். அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைச் சொல்லவில்லை. படச்சுருள் எவன் கையில் இருக்கிறதோ கதையும் அவன் கையில் இருக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். நம்ம கையில் அது ஒரு அடிகூட இருந்ததில்லை.

*

'பர்மா ராணி'யைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்தது. டைரக்டர் டி.ஆர்.சுந்தரம்; ஜப்பான் அதிகாரியாக நடித்ததும் அவரே. ஜப்பான்காரன் பிடித்து வைத்திருக்கும் பர்மாவுக்குள் இந்திய விமானப்படைக்காரர்கள் போய் மாட்டிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு ஒரு பெண் உதவி செய்கிறாள். கே.எல்.வி.வசந்தா, ஹொன்னப்ப பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், மதுரம் எல்லாரும் உண்டு. விமானம் உண்டு, பாட்டு உண்டு, சிரிப்பு உண்டு. பர்மா என்றால் வீரம், காதல், உளவு.

நிஜமான பர்மாவில் 1931 கணக்கெடுப்பின்படி பத்து லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேல் இந்தியர்கள்தான். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்தார்கள், குமாஸ்தாக்கள் ஆபீசில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி எழுத்து இருக்கிறது, வீடு இருக்கிறது, வீட்டில் பர்மா தேக்குத் தூண் இருக்கிறது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், அரிசி மில்லில் நெல் அள்ளியவன், அறுவடைக்குக் கப்பலேறிப் போனவன், ரங்கூன் கக்கூசைச் சுமந்தவன்? தெலுங்குச் சீமையிலிருந்தும் தமிழ்ச் சீமையிலிருந்தும் போன ஒடுக்கப்பட்ட சனங்கள்தான் பெரும்பாலும். அவர்களுக்குத் தூணும் இல்லை, எழுத்தும் இல்லை.

1941 டிசம்பர் 23-ம் தேதி ரங்கூன் மேல் குண்டு விழுந்தது. சனம் ஓடத் தொடங்கியது. கூலிகள் எல்லாம் போய்விட்டால் துறைமுகம் நின்றுவிடும், நகரம் நாறிவிடும் என்று அரசாங்கம் பயந்தது. வயது வந்த இந்திய ஆண்கள் கப்பலில் டெக் வகுப்பில் ஏறக்கூடாது என்று தடை போட்டது. மேல் வகுப்பு டிக்கெட் வாங்க வக்குள்ளவன் போகலாம். கூலி போகக்கூடாது. எங்கே கண்டாலும் இதே நீதிதான். நாம் செய்யும் வேலை இல்லாமல் அவர்களால் ஒரு நாள் இருக்க முடியாது, ஆனால் நம்மைக் காப்பாற்ற அவர்களிடம் ஒரு இடம் இருக்காது.

அப்புறம் நடந்தார்கள். தாங்குப் கணவாய் வழியாக அரக்கான் கரைக்கு ஒரு கூட்டம். தாமு, பாலேல் வழியாக மணிப்பூருக்கு ஒரு கூட்டம். கடைசியில் ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அஸ்ஸாமுக்கு ஒரு கூட்டம். காலரா, மலேரியா, மழை, பட்டினி. அந்தச் சாவு வழியிலும் வெள்ளையருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் நல்ல பாதை, இந்தியருக்கு மோசமான பாதை என்று பிரித்தார்கள். 'வெள்ளை வழி, கறுப்பு வழி' என்று 1942-லேயே அது பெரிய சண்டையானது. நாலு லட்சம் பேருக்கு மேல் இந்தியா வந்து சேர்ந்தார்கள். செத்தவர்கள் பத்தாயிரம் என்பார்கள், ஐம்பதாயிரம் என்பார்கள், அதற்கும் மேல் என்பார்கள். இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், எண்ணுவதற்கு யாரும் நிற்கவில்லை.

எங்க ஆயாவோட அண்ணன் ஒருத்தர் ரங்கூன் போனவர். ஆயா 2011-ல் இறந்துபோனது. நான் காலேஜ் படிக்கும்போது இதைக் கேட்டு எழுதி வைத்தேன். ஆயா சொன்னபடியே தருகிறேன்:

"அண்ணன் கப்பலுக்குப் போச்சு. ரெண்டு தரம் பணம் அனுப்புச்சு. அப்பறம் குண்டு போட்டுட்டான்னாங்க. நடந்து வராங்கன்னாங்க. பக்கத்து ஊருக்கு ரெண்டு பேர் வந்து சேந்தாங்க, காலெல்லாம் புண்ணு. எங்கம்மா போயி கேட்டுது, எம்புள்ளயப் பாத்தீங்களாடான்னு. பாக்கலன்னுட்டாங்க. அப்பறம் ரெண்டு மூணு வருசம் கழிச்சி டெண்டு கொட்டாய்ல பர்மா படம் போட்டாங்க. பர்மான்னு தண்டோரா போட்டதும் எங்கம்மா என்னக் கூட்டிக்கினு ஓடுச்சு. எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும், அதுக்குக் கொஞ்சம் மங்கல். 'நல்லாப் பாருடி, கும்பல்ல அண்ணன் நிக்குதா பாரு'ன்னு சொல்லிக்கினே இருந்துச்சு. ஏரோப்ளான் வந்துச்சு. ஒரு பொம்பள பாட்டு பாடுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணன் இல்ல. வெளிய வந்ததும் எங்கம்மா கேட்டுது, 'அவ்ளோ பெரிய பர்மாவுல நம்மாளு ஒருத்தன்கூடவாடி இல்ல?'ன்னு."

படிப்பறிவு இல்லாத பொம்பளை, சினிமான்னா என்னன்னு தெரியாமல் கேட்டாள் என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். சேலத்தில் செட் போட்டு எடுத்த படத்தில் அவள் மகன் இருக்கமாட்டான் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த யுத்தத்துச் சினிமா பற்றி நான் படித்த எந்தக் கட்டுரையும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் கொள்ளுப்பாட்டிதான் கேட்டாள். அதைவிடச் சரியான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது.

பர்மாவிலிருந்து நடந்த கதை தமிழ்த் திரையில் ஊரறிய வந்தது 1952-ல், 'பராசக்தி'யில். அங்கேயும் நடப்பது ரங்கூனில் வசதியாக வாழ்ந்த குடும்பம். மலேயாவிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்கு ஜப்பான்காரன் பிடித்துக்கொண்டு போன தோட்டத் தமிழர்கள் கதையும் இதேதான். கங்காணி வழியாக மலேயாவுக்குப் போனவர்களில் நம்ம சனம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பாதையில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். உலகமே பார்த்த படம் 'பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்'. 1957-ல் பக்கத்தில் இலங்கையில், கிதுல்கலவில் வைத்து எடுத்தார்கள். அதில் துன்பப்படுகிறவர்கள் எல்லாரும் வெள்ளைக்காரச் சிப்பாய்கள்.

*

யுத்தகாலத் தமிழ்ச் சினிமாவில் தலித் ஒருவன் கதாநாயகனாக வரவே இல்லையா என்று கேட்பீர்கள். வந்தான். 1942-ல் ஜெமினி எடுத்த 'நந்தனார்'. நந்தனாக நடித்தவர் ஓதுவார் மரபில் வந்த பாடகர் எம்.எம்.தண்டபாணி தேசிகர். கூலி கேட்காத, நிலம் கேட்காத, ஆண்டையைக் கை கூப்பிக் கும்பிடுகிற, தில்லைக்குப் போக மட்டும் அனுமதி கேட்கிற நந்தன். பாட்டு உருக்கமாக இருக்கும், நானும் கேட்டு உருகியிருக்கிறேன். உருகி முடித்த பிறகுதான் யோசனை வருகிறது.

ஏனென்றால் அதே 1942 ஜூலையில் டாக்டர் அம்பேத்கர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராகப் பொறுப்பேற்கிறார். அதே மாதம் நாகபுரியில் பட்டியல் சாதியினர் சம்மேளனம் பிறக்கிறது. அதற்கு முந்தின வருஷம் மகர் ரெஜிமெண்ட் திரும்ப எழுப்பப்படுகிறது. நாசிகள் ஜெயித்தால் உலகத்தில் சமத்துவத்துக்கே இடம் இருக்காது என்பதால் அம்பேத்கர் யுத்தத்தை ஆதரித்தார். காங்கிரசைப் பற்றியும் வெள்ளையனைப் பற்றியும் அவருக்கு ஏமாற்றம் எதுவும் கிடையாது, தெரிந்துதான் ஆதரித்தார். மெட்ராஸ் சாப்பர்ஸ் பட்டாளத்தில் நம்ம ஆட்கள் பாலம் கட்டினார்கள், பாதை போட்டார்கள். அப்படி ஒரு தலித் சிப்பாய், அப்படி ஒரு தலித் மந்திரி நிஜத்தில் நடமாடிய வருஷத்தில், திரையில் நமக்குக் கிடைத்தது தீயில் இறங்கினால்தான் கோயிலுக்குள் இடம் என்கிற நந்தன் கதை.

யுத்தம் எங்க ஊர்ப் பக்கம் விட்டுப்போன தடமும் உண்டு. சோழவரத்தில் ஒரு விமான ஓடுதளம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் காலத்தில் போட்டது. பிற்காலத்தில் அங்கே கார் பந்தயம், மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்ததால் பணக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் சோழவரம் என்றால் ரேஸ். ஆயாவுக்கு அது ஜல்லி. "வெள்ளக்காரன் ஏரோப்ளான் எறங்கணும்னு ரோடு போட்டான். நாங்க கூடை கூடையாக் கொட்டுனோம். ஏரோப்ளான் எறங்கும்போது எங்கள அந்தாண்ட தொரத்திட்டான்" என்று சொல்லும். 'பர்மா ராணி'யில் விமானம் பறக்கிறதே, அப்படி விமானம் இறங்கத் தரை போட்டவளைத்தான் தரை டிக்கெட்டில் உட்காரவைத்துக் காட்டினார்கள்.

*

இப்போது ஜெர்மனிக்குப் போகலாம். நம்ம கேள்வியை எடுத்துக்கொண்டு போகலாம்.

1933-ல் ஹிட்லர் வந்ததும் கோயபல்ஸ் செய்த முதல் வேலைகளில் ஒன்று, சினிமாத் தொழிலுக்கு ஒரு சபை வைத்து, உறுப்பினர் இல்லாதவர் படத்தில் வேலை செய்யக்கூடாது என்றாக்கியது. யூதர்களுக்கு உறுப்பினர் இடம் கிடையாது. ஒரே சட்டத்தில் ஒரு சமூகத்தையே தொழிலைவிட்டுத் துரத்தினார்கள். பிறகு 1945 வரை ஆயிரத்துக்கு மேற்பட்ட கதைப்படங்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை பாட்டு, காதல், சிரிப்புப் படங்கள்தான். கோயபல்ஸுக்குத் தெரியும், நாள் முழுக்க வெறுப்பைக் காட்டினால் சனம் சலித்துவிடும் என்று. சிரிக்கவைத்துக்கொண்டே இருந்தால் பக்கத்து வீட்டுக்காரனை லாரியில் ஏற்றும்போது திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வெறுப்பைக் காட்டியபோது முழுசாகக் காட்டினார்கள். 1940-ல் வைட் ஹார்லன் எடுத்த 'யூத சூஸ்' படத்தை ஏறக்குறைய இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். எஸ்.எஸ். படைக்காரன் ஒவ்வொருவனும் பார்க்கவேண்டும் என்று ஹிம்லர் உத்தரவு போட்டான். அந்தப் படத்தில் யூத ஜெபக்கூடக் காட்சி ஒன்று உண்டு. அதில் நிற்க பிராக் நகரத்து யூதர்களையே கொண்டுவந்தார்கள். தங்களைக் கொல்வதற்குக் காரணம் சொல்கிற படத்தில், கூட்டமாக நிற்க அவர்களே வேண்டியிருந்தது. ஹார்லன் மேல் யுத்தம் முடிந்தபின் வழக்கு நடந்தது. 1949-லும் 1950-லும் விடுதலையாகி மறுபடி படம் எடுக்கப் போய்விட்டார்.

ரீஃபன்ஸ்டாலின் 'டீஃப்லாண்ட்' என்ற படத்தை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. 1940-ல் படப்பிடிப்பு தொடங்கியது. கதை ஸ்பெயினில் நடக்கிறது. ஸ்பானியர் மாதிரி கறுத்த முகங்கள் வேண்டும். சால்ஸ்பர்க் பக்கத்தில் மாக்ஸ்கிளான் முகாமிலும் பெர்லினில் மார்ட்சான் முகாமிலும் அடைத்து வைத்திருந்த ரோமா, சிந்தி சனங்களை நூறு பேருக்கு மேல், குழந்தைகளோடு, கூட்டிக்கொண்டு போனார்கள். மார்ட்சான் முகாம் 1936 ஒலிம்பிக்ஸுக்காக நகரத்தைச் 'சுத்தம்' செய்ய உண்டாக்கியது. அந்த ஒலிம்பிக்ஸைப் படமெடுத்துப் பேர் வாங்கியவரும் இதே ரீஃபன்ஸ்டால்தான். வேலை முடிந்ததும் அவர்களை முகாமுக்கே திருப்பி அனுப்பினார்கள். அவர்களில் பலர் பிறகு ஆஷ்விட்சில் கொல்லப்பட்டார்கள். படம் 1954-ல் வெளிவந்தது. அதில் நடித்த ரோமாக்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று 2002-ல், நூறு வயதை நெருங்கியபோதுகூட, ரீஃபன்ஸ்டால் சொன்னார். உயிர் பிழைத்தவர்களும் ரோமா அமைப்பும் சட்டப்படி எதிர்த்த பிறகுதான் அந்தப் பேச்சைத் திரும்ப வாங்கினார்.

ரோமாக்கள் யார்? ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வடமேற்கு இந்தியாவிலிருந்து போனவர்கள். அவர்கள் மொழி இந்தி, ராஜஸ்தானி மொழிகளுக்குச் சொந்தம். 'ரோம்' என்ற பெயர் 'டோம்' என்ற சாதிப் பெயரிலிருந்து வந்தது என்பது மொழியியல் அறிஞர்கள் பலரின் கருத்து. காசியில் பிணம் எரிக்கும் டோம்களை நமக்குத் தெரியும். ஆயிரம் வருஷம் நடந்து ஐரோப்பாவுக்குப் போயும் அந்த மக்களுக்கு ஊருக்கு வெளியேதான் இடம் கிடைத்தது.

இன்னும் ஒருவர். பாயுமே முகமது ஹுசேன். ஜெர்மனி பிடித்து வைத்திருந்த கிழக்கு ஆப்பிரிக்காவில், தாருஸ்ஸலாமில் 1904-ல் பிறந்தவர். சின்ன வயதிலேயே முதல் உலகப்போரில் ஜெர்மன் பட்டாளத்துக்காகச் சண்டை போட்டவர். பெர்லினில் சர்வராக வேலை பார்த்தார், படங்களில் சின்னச் சின்ன வேஷம் கட்டினார். ஆப்பிரிக்காவில் கொடுமை செய்த கார்ல் பீட்டர்ஸை வீரனாக்கி 1941-ல் எடுத்த படத்தில் மொழிபெயர்ப்பாளனாக நடித்தார். அந்தப் படத்தின் கூட்டத்துக்குப் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பிடிபட்ட கறுப்புக் கைதிகளை நிறுத்தினார்கள். அதே வருஷம், வெள்ளைக்காரப் பெண்ணோடு உறவு வைத்தார் என்று ஹுசேனைப் பிடித்துச் சாக்சன்ஹவுசன் முகாமில் போட்டார்கள். 1944 நவம்பர் 24-ல் அங்கேயே செத்தார். கலப்பு உறவுக்குக் கொலைத் தண்டனை என்றால் என்னவென்று நம்ம ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

கடைசியாகத் தெரசியன்ஸ்டாட். யூதர்களை அடைத்த முகாம். 1944 ஜூனில் செஞ்சிலுவைச் சங்கத்தார் பார்க்க வந்தபோது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, பூச்செடி வைத்து, பொய்க் கடைகள் திறந்து வைத்தார்கள். கூட்டம் தெரியக்கூடாது என்று அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானவர்களை ஆஷ்விட்சுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்தவர்கள் திருப்தியாகப் போனார்கள். பிறகு அந்த அலங்காரத்தை அப்படியே படமாக எடுத்தார்கள். குர்ட் கெரோன் என்ற யூதக் கைதியைத்தான் எடுக்கவைத்தார்கள். யுத்தத்துக்கு முன்னால் அவர் பெரிய நடிகர். கேமராவுக்கு முன்னால் பந்து விளையாடினார்கள், குழந்தைகள் பாடினார்கள். படப்பிடிப்பு முடிந்த கொஞ்ச நாளில், அக்டோபரில், கெரோனை ஆஷ்விட்சில் கொன்றார்கள். படத்தில் சிரித்த பலருக்கும் அதே கதிதான்.

*

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். நாசி முகாமும் நம்ம ஊரும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இலட்சக்கணக்கில் கொன்றதை உவமைக்குப் பயன்படுத்துவது செத்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. 'பர்மா ராணி'யும் 'யூத சூஸ்'ஸும் ஒரே ஜாதிப் படங்கள் இல்லை. ஆனால் கேமரா வேலை செய்யும் முறை ஒன்று இருக்கிறது. அதிகாரம் உள்ளவன் தன் கதையை எடுக்கும்போது கீழே இருப்பவனுக்கு இரண்டே இடம்தான் வைத்திருக்கிறான். ஒன்று, முகமில்லாத கூட்டம். இல்லையென்றால், படத்திலேயே இல்லை. ஜெர்மனியில் முதலாவதைச் செய்தார்கள். இங்கே இரண்டாவதைச் செய்தார்கள்.

இது எண்பது வருஷத்துப் பழங்கதை இல்லை. என் தம்பி கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தான். மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் வரும். அதற்காகக் கம்பெனியில் ஒரு படம் எடுத்தார்கள். ஒருநாள் ராத்திரி செல்போனில் அதைக் காட்டினான். "அக்கா, இதப் பாரு, நாலாவதா நிக்கிறது நான்தான்" என்றான். மஞ்சள் ஹெல்மெட், புது ஷூ, கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி. பீகார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்களும் அதேமாதிரி நின்று கும்பலாகக் கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள்.

"நல்லா இருக்கே, இதெல்லாம் குடுத்துட்டாங்களா?" என்றேன்.

"எங்கக்கா குடுத்தான்? ரெண்டு நாள் ஷூட்டிங். முடிஞ்சதும் மேஸ்திரி லிஸ்ட் வெச்சிக்கினு ஒண்ணொண்ணா எண்ணி வாங்கிக்கினான். என் ஷூவுல சேறு ஒட்டியிருந்திச்சி, கழுவிக் குடுடான்னான்."

அந்த வரிசையில் தம்பிக்குப் பக்கத்தில் நின்று சிரித்த ஒடிசாப் பையனுக்கு அந்த வருஷமே இரண்டு விரல் போனது. கையில் உறை இல்லை. ஈ.எஸ்.ஐ. கார்டும் இல்லை. ஊருக்கு ரயில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் விசாரிக்கப் போனபோது அப்படி ஒரு ஆள் தங்களிடம் வேலையே பார்க்கவில்லை என்றார்கள். அந்தப் படத்தைத்தான் சாட்சியாக எடுத்துக் காட்டினோம். அதற்கு வந்த பதில்: "அது சும்மா படத்துக்காக நின்னவங்கம்மா."

சும்மா படத்துக்காக நின்றவர்கள். இந்த வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் மாக்ஸ்கிளான் பற்றியும் மார்ட்சான் பற்றியும் நான் தேடித் தேடிப் படித்தேன். இன்னொன்றும் புரிந்தது. அவர்கள் எடுத்த படமே அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். பிழைத்த ரோமாக்கள் 'டீஃப்லாண்ட்' படத்தில் தங்கள் முகத்தையும் சொந்தக்காரர் முகத்தையும் அடையாளம் காட்டினார்கள். இவள் என் அக்கா, இவன் என் மாமா பையன் என்று பெயர் சொன்னார்கள். ஹுசேன் குடியிருந்த வீட்டு வாசலில் 2007-ல் அவர் பெயர் பொறித்த பித்தளைக் கல்லைப் பதித்தார்கள். பெயர் வந்துவிட்டால் அவன் சும்மா நின்றவன் இல்லை. நின்ற ஆளுக்குப் பெயர் இருந்தால் கூலி கேட்கலாம், நஷ்டஈடு கேட்கலாம், சாவுக்குக் கணக்குக் கேட்கலாம்.

அதனால் சினிமா பற்றி எழுதுகிற தோழர்களுக்கும் ஆராய்ச்சி செய்கிற பிள்ளைகளுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். அந்தக் காலத் தமிழ்ப் படங்களில் பல பிரதியே இல்லாமல் அழிந்துவிட்டன. மிச்சம் இருப்பதைப் பார்க்கும்போது பின்வரிசையைப் பாருங்கள். ஸ்டுடியோவுக்குக் கூட்டம் கூட்டிக்கொண்டு வந்த ஏஜெண்டு யார், எந்தச் சேரியிலிருந்து கூட்டிவந்தான், சாப்பாடு தனியாப் போட்டானா சேர்த்துப் போட்டானா என்று கேளுங்கள். ஹீரோக்கள் வரலாற்றை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

படத்தில் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? நாங்கள் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சேரிகளில் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறோம். யுத்தத்துக்கு முன்னால் ரங்கூனுக்கோ மலேயாவுக்கோ போய்த் திரும்பாதவர்கள் பெயர், அப்பா பெயர், ஊர், யார் சொன்னது என்று நாலு பத்தி. நேரில் பார்த்தவர்கள் அநேகமாக எல்லாரும் போய்விட்டார்கள். கேட்டவர்களாவது இன்னும் இருக்கிறார்கள். இதுவரை முப்பத்தொரு பெயர் சேர்ந்திருக்கிறது. மூன்று பேருக்குப் பெயர் தெரியவில்லை. 'பெரியவன்', 'கப்பல்காரன்' என்றுதான் சொல்கிறார்கள். அப்படியே எழுதியிருக்கிறோம்.

உங்க ஊரில் யாராவது இருந்தால் எழுதி அனுப்புங்கள். கேட்பதற்கு ரொம்ப நாள் இல்லை.